வாய் திறவாத வீடு

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம் வீடுகளில் பெரும்பாலும் பேசப்படாத பொருள். உடல் வளர்ச்சி, ஆண் பெண் ஈர்ப்பு, காதல், பாலுறவு ஆகியவற்றைப் பற்றி வளரும் பிள்ளைகளோடு பெரியவர்கள் பேசலாமா, பேசுவதாயின் எவ்வாறு பேசுவது என்பதே அது. அறுபதைக் கடந்துவிட்ட, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு இந்தப் பேச்சு ஏன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று வெளிவந்த நாள்முதல் முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் வகுப்பறையில் நின்றவன். பேச வேண்டிய வேளையில் பேசாமலும், பேசக் கூடாத விதத்தில் பேசியும் நான் செய்த பிழை ஒன்று இன்னும் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. அந்தப் பிழையே என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்த இடம் திருவல்லிக்கேணி. எட்டுக் குடும்பங்கள் ஒண்டுக் குடித்தனம் இருந்த வீட்டில், முற்றத்தை ஒட்டிய இரண்டு அறைகளே எங்கள் உலகம். 1968ஆம் ஆண்டில் என் தமக்கை பருவமெய்தினாள். அப்போது எனக்கு வயது பத்து. வாசலில் பந்தல் போட்டார்கள். வாழை மரம் கட்டினார்கள். தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வந்தார். ஒலிபெருக்கியில் காலை முதல் பாட்டு முழங்கியது. மஞ்சள் நீராட்டு விழா என்று உற்றாருக்கும் ஊராருக்கும் அழைப்பிதழ் அனுப்பினார்கள். தெருவில் அந்தச் செய்தியை அறியாதவர் ஒருவரும் இல்லை.

பல ஆண்டுகள் கழிந்தபின், தன் பெண்ணுக்குத் திருமணம் ஆன பிறகு, என் தமக்கை என்னிடம் ஒரு செய்தி சொன்னாள். உதிரத்தை முதன்முதலாகக் கண்ட அன்று, தனக்குத் தீராத நோய் ஏதோ வந்துவிட்டது என்று எண்ணி, மூன்று நாள் யாருக்கும் தெரியாமல் மறைத்து அழுதிருக்கிறாள். தெருவுக்கெல்லாம் சொன்னவர்கள் அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. விழாவுக்கு முன்னும் சொல்லவில்லை, பின்னும் சொல்லவில்லை. எங்கள் தாயார் அன்பில் குறைந்தவர் அல்லர். அவருக்கும் ஒருவரும் சொன்னதில்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன். 1987ஆம் ஆண்டில் நான் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். பாடநூலில் மனித இனப்பெருக்கம் பற்றிய பகுதி வந்தது. எனக்கு முன் இருந்த ஆசிரியர் செய்ததையே நானும் செய்தேன். “இதை வீட்டில் படித்துக் கொள்ளுங்கள், தேர்வுக்கு வராது” என்று சொல்லி, அடுத்த பாடத்திற்குத் தாவினேன். பின் வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. நான் அதட்டினேன். அத்துடன் அந்தப் பாடம் முடிந்தது.

அதே ஆண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முன், ஒரு மாணவனின் குறிப்பேட்டில் மடித்து வைத்த கடிதம் ஒன்று என் கையில் சிக்கியது. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்கு அவன் எழுதியது. நான் அதை வகுப்பில் உரக்கப் படித்தேன். மாணவர்கள் சிரித்தார்கள். அன்று மாலையே அவன் தந்தையை வரவழைத்துக் கடிதத்தைக் கொடுத்தேன். கடமையைச் செய்துவிட்டேன் என்ற நிறைவோடு வீடு திரும்பினேன். அடுத்த வாரத்திலிருந்து அவன் பள்ளிக்கு வரவில்லை. வெளியூரில் உறவினர் ஒருவரின் கடையில் அவனை வேலைக்கு விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணின் படிப்பும் அன்றோடு நின்றது. ஓராண்டுக்குள் அவளுக்குத் திருமணம் ஆயிற்று என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

அந்தக் கடிதத்தில் இருந்தது என்ன? உனக்குக் காய்ச்சல் என்று கேட்டேன், இப்போது தேவலையா, கணக்குத் தேர்வுக்கு அஞ்சாதே, நானும் நன்றாகப் படிக்கிறேன். இவ்வளவே. பதினைந்து வயதுப் பிள்ளை எழுதக்கூடியதில் இதைவிடத் தூய கடிதம் இருத்தல் அரிது. அதை ஒரு வகுப்பே சிரிக்கும்படி செய்தவன் நான்.

மாணவ மாணவியரே! வீடும் பள்ளியும் வாய் மூடினால் பிள்ளைகளின் கேள்விகள் மறைந்துவிடுமா? அவை வேறு ஆசிரியரைத் தேடிப் போகும். என் இளமையில் அந்த ஆசிரியர்கள் எங்கே இருந்தார்கள் தெரியுமா? திருவல்லிக்கேணியில் மேன்ஷன் என்று வழங்கும் தனியாள் விடுதிகள் மிகுதி. வேலை தேடிச் சென்னைக்கு வரும் வெளியூர் இளைஞர்கள் அங்கேதான் தங்குவார்கள். அந்தத் தெருச் சுவர்களில் விளம்பரங்கள் ஒட்டியிருக்கும். இன்ன தேதியில் இன்ன விடுதியில் இன்ன அறையில் வைத்தியர் தங்குகிறார். நரம்புத் தளர்ச்சிக்கும் வாலிப வயதின் தவறுகளுக்கும் மருந்து தருகிறார் என்று அவை கூறும். உறக்கத்தில் விந்து வெளிப்படுவது இயல்பு. தன்னின்பப் பழக்கத்தால் நரம்பு தளர்வதும் இல்லை, ஆண்மை அழிவதும் இல்லை. மருத்துவ அறிவியல் இதைத் தெளிவாகக் கூறுகிறது. எனினும், இதைச் சொல்ல ஒரு தந்தையும் ஒரு தமையனும் இல்லாத காரணத்தால், மாதச் சம்பளத்தில் பாதியை லேகியத்திற்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்த இளைஞர்களை நான் அறிவேன். அவர்கள் கொண்டிருந்தது நோயன்று. அறியாமையால் வந்த அச்சம்.

இன்று சுவர் விளம்பரத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. கைப்பேசி சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆனால் அது காட்டும் ஆபாசப் படங்களில் இருப்பது பணத்திற்காகச் செய்யப்படும் நடிப்பு. அதில் அன்பு இல்லை, அச்சம் தெளிவித்தல் இல்லை, மறுப்புக்கு இடம் இல்லை, பின்விளைவும் இல்லை. நீச்சல் கற்க விரும்பும் பிள்ளைக்குக் கடற்போர்க் காட்சியைக் காட்டுவது போன்றது அது.

இவ்வாறு வாய் மூடியிருப்பதே தமிழ் மரபு என்று சிலர் கூறுவர். அது உண்மைதானா என்று பார்ப்போம். அதற்கு நான் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. எங்கள் திருவல்லிக்கேணியை ஒட்டிய திருவேட்டீசுவரன்பேட்டையில்தான் டாக்டர் உ. வே. சாமிநாதையர் வாழ்ந்தார். தியாகராச விலாசம் என்ற பெயர் கொண்ட அந்த இல்லம் 2012ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அவர் ஏட்டுச் சுவடிகளிலிருந்து மீட்டுத் தந்த நூல்களை எவராலும் இடிக்க இயலாது. அவற்றுள் ஒன்று பத்துப்பாட்டு. 1889ஆம் ஆண்டில் அவர் அதைப் பதிப்பித்தார். அதில் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு இருக்கிறது. தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயரைக் கூறும் பாட்டு என்று நீங்கள் மனப்பாடப் பகுதியில் கேள்விப்பட்டிருப்பீர்கள். மலர்ப் பெயர்களோடு நின்றுவிட்டால் பாட்டின் உயிரை இழந்துவிடுவோம்.

அந்தப் பாட்டின் செய்தி இது. ஒரு பெண் மெலிந்து வாடுகிறாள். காரணம் அறியாத வீட்டார் குறி கேட்கிறார்கள், தெய்வங்களை வேண்டுகிறார்கள். அவளோ ஓர் இளைஞனை விரும்புகிறாள், சொல்ல அஞ்சுகிறாள். அப்போது அவளுடைய தோழி, வளர்ப்புத் தாயாகிய செவிலியிடம் சென்று, தினைப்புனத்தில் அவனைக் கண்டது முதல், மதயானையிடமிருந்து அவன் தங்களைக் காத்தது வரை, நடந்தவற்றை நடந்தவாறே எடுத்துரைக்கிறாள். 261 அடிகளைக் கொண்ட அந்தப் பாட்டு முழுவதும், இளம்பெண் ஒருத்தி பெரியவர் ஒருவரிடம் காதலைப் பற்றிப் பேசும் பேச்சேயாகும்.

இத்தகைய பேச்சுக்கு நம் முன்னோர் இட்ட பெயரை எண்ணிப் பாருங்கள். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயரிட்டனர். தலைவி தோழிக்குச் சொல்லுவாள்; தோழி செவிலிக்குச் சொல்லுவாள்; செவிலி பெற்ற தாய்க்குச் சொல்லுவாள்; தாய் தந்தைக்கும் தமையருக்கும் சொல்லுவாள். இவ்வாறு ஒருவர்க்கொருவர் உண்மையை எடுத்துச் செல்லும் ஒழுங்கு அது. அதை ஏழு வகையாகப் பிரித்துக் கூறும் தொல்காப்பியம், உண்மையை உள்ளவாறே சொல்லுதலையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. சொல்லுதலை அவர்கள் வெட்கக்கேடு என்று கருதவில்லை. அறத்தின் பக்கம் நிற்பது என்று கருதினார்கள்.

சங்க காலத்து வயதையும் வழக்கத்தையும் நாம் இன்று அப்படியே மேற்கொள்ள வேண்டும் என்று நான் கூறவில்லை. அந்த ஒழுங்கில் ஒன்று மட்டும் நமக்கு வேண்டும். பேசத் தயங்கும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே செவிலி போன்ற ஒருவர் இருந்தார், அவர் கேட்டார், கேட்டபின் அடிக்கவில்லை. அந்த இடம் இன்று பல வீடுகளில் வெற்றிடமாகக் கிடக்கிறது.

மரபு என்று நாம் இன்று காட்டும் வாய்மூடல் பிற்காலத்தில் என்ன செய்தது என்பதற்கும் எங்கள் வட்டாரத்திலேயே ஒரு சான்று உண்டு. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்ற கட்டடத்தை எல்லாரும் அறிவீர்கள். இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. அக்கட்டடத்தில் பிற்காலத்தில் இளம் விதவைச் சிறுமியர் தங்கிப் படித்தனர் என்பது உங்களுள் பலருக்குத் தெரியாது. அவர்களை அங்கே சேர்த்துக் காத்தவர் சகோதரி சுப்பலட்சுமி. மயிலாப்பூரில் 1886ஆம் ஆண்டில் பிறந்தவர். பதினொன்றாம் வயதில் மணமுடிக்கப்பட்டு, சிறிது காலத்திலேயே கணவனை இழந்தவர். 1911ஆம் ஆண்டில் மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். தம்மைப் போன்ற சிறுமியரைத் தேடித் தேடிக் கொண்டுவந்து ஆசிரியைகளாக ஆக்கினார்.

அந்தச் சிறுமியரை எண்ணிப் பாருங்கள். மணம் என்றால் என்ன என்று அறியாத வயதில் அவர்களுக்கு மணம் நடந்தது. அதன் பொருளை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. விருப்பத்தை ஒருவரும் கேட்கவில்லை. 1929ஆம் ஆண்டில் சாரதா சட்டம் வந்த பிறகே பெண்ணின் மணவயது பதினான்கு என்றும், ஆணின் மணவயது பதினெட்டு என்றும் வரையறுக்கப்பட்டன. 1978ஆம் ஆண்டில் அவை பதினெட்டு, இருபத்தொன்று என உயர்ந்தன. சட்டம் வயதை உயர்த்தியது. சிறுமிக்குத் தன் உடலைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் சொல்லும் வேலையைச் சட்டம் செய்ய இயலாது. அது நம் வேலை. நாம் அதைச் செய்யவில்லை.

இவையெல்லாம் எனக்கு 1987ஆம் ஆண்டிலேயே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெரிய இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கைக்காக மகளை அழைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். பெயரைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. கடிதம் எழுதிய அந்தப் பையன்தான். நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் தேடவில்லை. மகளை வெளியே அமரச் சொல்லிவிட்டு, “ஐயா, ஒன்று கேட்கலாமா? அந்தப் பாடத்தை இப்போதாவது நடத்துகிறார்களா?” என்றார்.

அவர் குரலில் சினம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. “இந்த ஆண்டிலிருந்து நானே நடத்துகிறேன்” என்றேன். மன்னிப்பும் கேட்டேன். “அது போகட்டும், ஐயா, இவளுக்கு என்ன சந்தேகம் வந்தாலும் கேட்க ஓர் ஆள் வேண்டும்” என்று கூறிவிட்டுச் சென்றார்.

சொன்னபடி செய்தேன். பெண் மருத்துவர் ஒருவரை அழைத்து வந்தோம். மாணவியருக்கு அவரும், மாணவருக்கு நானும், சில நாள் இரு சாராருக்கும் சேர்த்து இருவருமாகப் பேசினோம். தலைமையாசிரியர் அறையின் வெளியே ஒரு தகரப் பெட்டி வைத்தோம். பெயர் எழுத வேண்டாம். கேள்வி மட்டும் எழுதிப் போடலாம் என்றோம். முதல் வாரம் பெட்டியில் மிட்டாய்க் காகிதங்களே இருந்தன. மூன்றாம் வாரத்திலிருந்து கேள்விகள் வந்தன.

எனக்கு இன்னும் மீசை அரும்பவில்லை, இது நோயா? என் தோழிகள் எல்லாரும் பெரியவர்களாகிவிட்டார்கள். நான் மட்டும் ஏன் ஆகவில்லை? ஒரு பெண் சிரித்துப் பேசினால் அவள் என்னை விரும்புகிறாள் என்று பொருளா? வேண்டாம் என்று சொன்னால் செத்துப்போவேன் என்கிறான். நான் என்ன செய்வது? என் படத்தை அனுப்பச் சொல்லுகிறான், அனுப்பலாமா? எழுத்துப் பிழை நிறைந்த சீட்டுகள் அவை. ஆனால் ஒன்றிலும் விகாரம் இல்லை. நான் அஞ்சிய அழுக்கு எதுவும் அந்தப் பெட்டியில் இல்லை.

பெற்றோர் சிலர் வந்து வாதிட்டனர். “இல்லாத எண்ணத்தைப் பிள்ளைகள் மனத்தில் நீங்கள் கிளப்புகிறீர்கள்” என்றார் ஒருவர். இந்த அச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று. நடுவண் அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007ஆம் ஆண்டில் பல மாநிலங்கள் இதே காரணம் கூறி நிறுத்தி வைத்தன. ஆனால் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த யுனெஸ்கோ நிறுவனம், இத்தகைய கல்வி இளைஞரைப் பாலுறவில் விரைந்து ஈடுபடச் செய்வதில்லை என்று 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் கூறியிருக்கிறது. அன்று எனக்கு அந்த வழிகாட்டி கிடையாது. பெட்டியைத் திறந்து சீட்டுகளை அவர் முன் வைத்தேன். “இந்த எண்ணங்கள் நான் வருமுன்பே இருந்தவை. விடை சொல்லும் வேலையை மட்டுமே நான் எடுத்துக்கொண்டேன்” என்றேன். அவர் நான்கைந்து சீட்டுகளைப் படித்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

ஒருநாள் வந்த சீட்டு ஒன்று என் உறக்கத்தைக் கெடுத்தது. “எங்கள் உறவினர் ஒருவர் என்னைத் தொடக் கூடாத விதத்தில் தொடுகிறார். அம்மாவிடம் சொன்னால் நம்புவாளா?” என்று அதில் எழுதியிருந்தது. பெயர் இல்லை, வகுப்பும் இல்லை. மறுநாள் எல்லா வகுப்புகளிலும் நாங்கள் ஒரே செய்தியைச் சொன்னோம். அப்படி நடந்தால் குற்றம் உங்களுடையது அன்று, தொடுபவருடையது. நீங்கள் சொன்னால் நாங்கள் நம்புவோம். 1098 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும், கட்டணம் இல்லாமல், பேசலாம். இன்ன ஆசிரியையிடம் தனியே வந்தும் சொல்லலாம். நான்காம் நாள் அந்த மாணவி வந்தாள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம் 2012ஆம் ஆண்டு நவம்பர் மாதமே நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவித்தோம். அந்தச் சிறுமியின் தாய் அவளை நம்பினாள். அவள் படிப்பு நிற்கவில்லை.

அந்தத் தகரப் பெட்டி இல்லாதிருந்தால்? இந்தக் கேள்வியை நான் என்னிடமே பலமுறை கேட்டிருக்கிறேன். முந்திய இருபத்தாறு ஆண்டுகளில், என் வகுப்புகளில் அமர்ந்து, கேட்க ஆளின்றி எழுந்து போனவர் எத்தனை பேரோ என்றும் கேட்டிருக்கிறேன்.

மாணவ மாணவியரே! எஞ்சியுள்ள சில நிமிடங்களில் அந்தப் பெட்டிக் கேள்விகளுக்கு நாங்கள் கூறிய விடைகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, உடலைப் பற்றியது. பருவ மாற்றம் எல்லார்க்கும் ஒரே வயதில் வருவதில்லை. ஒருவருக்குப் பத்து வயதில் தொடங்குவது மற்றொருவருக்குப் பதினான்கில் தொடங்கலாம். இரண்டும் இயல்பே. ஐயம் இருந்தால் தகுதி பெற்ற மருத்துவரைக் கேளுங்கள். மாதவிலக்கு தீட்டு அன்று. உடல் தன் வேலையை ஒழுங்காகச் செய்வதன் அடையாளம். இதை ஆண் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, விருப்பத்தைப் பற்றியது. ஒருவர்மீது ஒருவர்க்கு ஈர்ப்பு உண்டாவது குற்றமன்று. ஆனால் நமக்கு விருப்பம் உண்டானதனாலேயே மற்றவர்க்குக் கடமை எதுவும் உண்டாகிவிடாது. மறுக்கும் பெண்ணைத் தெருத்தெருவாகப் பின்தொடர்ந்தால் இறுதியில் அவள் மனம் இளகுவாள் என்று நம் திரைப்படங்கள் பல காட்டியிருக்கின்றன. அந்தப் பாடத்தின் விலை என்ன தெரியுமா? 1998ஆம் ஆண்டில் இதே சென்னையில் கல்லூரி மாணவி ஒருத்தி, இளைஞர் கூட்டம் ஒன்றின் சீண்டலால் கீழே விழுந்து உயிரிழந்தாள். அதன்பிறகே அத்தகைய சீண்டலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் பிறந்தது. வேண்டாம் என்ற சொல்லுக்கு வேண்டாம் என்பதைத் தவிர வேறு பொருள் எந்த அகராதியிலும் இல்லை. செத்துப்போவேன் என்று அச்சுறுத்துவது அன்பு ஆகாது. அத்தகைய சொல்லைக் கேட்டால் அன்றே பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அந்தச் சுமையைத் தனியே தூக்காதீர்கள்.

மூன்றாவது, சட்டத்தைப் பற்றியது. பதினெட்டு வயது நிறையாத ஒருவருடன் உடலுறவு கொள்வது, அவர் இசைந்திருந்தாலும், சட்டத்தின்முன் குற்றமே. ஒருவரையொருவர் விரும்பிய இளையோர் பலர் இதனால் வழக்கில் சிக்கியிருக்கின்றனர். சென்னை உயர்நீதிமன்றமே 2019ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் இத்தகைய வழக்குகளைப் பற்றிக் கவலை தெரிவித்திருக்கிறது. ஆயினும் சட்டத்தில் உள்ள வயது பதினெட்டே. இதை அறியாமல் வாழ்வைத் தொலைத்துவிடாதீர்கள்.

நான்காவது, கைப்பேசியைப் பற்றியது. உங்கள் உடலைக் காட்டும் படத்தை யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். கையை விட்டுப் போன படம் உங்கள் சொல்லைக் கேட்காது. முன்பே அனுப்பிவிட்டு, அதை வைத்து யாரேனும் அச்சுறுத்துகிறார்களா? அப்போதும் வழி அடைந்துவிடவில்லை. பணம் கொடுக்காதீர்கள், பணிந்து போகாதீர்கள், சொல்லுங்கள். அச்சுறுத்துபவரின் வலிமை முழுவதும் நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இருக்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைகள் ஏன் உங்களிடம் சொல்வதில்லை? சொன்னால் என்ன நேரும் என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த ஓர் இளைஞன் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டதை அவர்களும் பார்த்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டபோது நீங்கள் வீட்டில் என்ன சொன்னீர்கள் என்பதையும் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய உபதேசத்திற்கு நாள் குறிக்க வேண்டாம். காய்கறி நறுக்கும்போதும், கடற்கரையில் நடக்கும்போதும் சிறிது சிறிதாகப் பேசுங்கள். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள், இருவருமாகத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை வாய் திறக்கும் முதல் நாளில் மட்டும் கையை ஓங்காதீர்கள். அன்று ஓங்கினால் இரண்டாம் நாள் வராது.

மாணவ மாணவியரே! பெற்றோர் எல்லாரும் நாளையே மாறிவிடுவார்கள் என்று நான் உறுதி கூற இயலாது. ஆகையால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தாயோ, தந்தையோ, அத்தையோ, சித்தப்பாவோ, ஆசிரியரோ, மருத்துவரோ, உங்கள் செவிலி யார் என்று இன்றே எண்ணிப் பாருங்கள். கேட்டபின் சிரிக்காதவராகவும், உங்கள் இரகசியத்தைக் காரணம் காட்டி உங்களைத் தொடவோ மிரட்டவோ செய்யாதவராகவும் அவர் இருக்க வேண்டும். தேவை நேரும் முன்பே அவரைத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருமே தென்படவில்லை என்றால் 1098 என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.

கடிதம் எழுதிய அந்த மாணவரின் மகள் இன்று பட்டம் பெற்று வேலையில் இருக்கிறாள். சென்ற ஆண்டு பெரிய தெருவில் என்னைக் கண்டு நின்றாள். “தாங்கள் வைத்த பெட்டியில் நானும் இரண்டு கேள்வி போட்டேன், ஐயா” என்றாள். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. விடை கிடைத்ததா என்று மட்டும் கேட்டேன். கிடைத்தது என்றாள்.